தர்காய் பைப்பர் வாசிச்ச ட்யூன் அது இல்லீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட இணைப்புல கடைசிப் பக்கத்துல ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க. ஜார்ஜ் ஃபின்ட்லேட்டர்னு ஒரு ஸ்காட்லாந்து சிப்பாய், ரெண்டு கால்லயும் குண்டு பாஞ்சும் பேக்பைப்ப கீழ வைக்காம ‘காக் ஓ த நார்த்’ வாசிச்சார், படை அப்ப இந்தியாவோட வடமேற்கு எல்லையில இருந்த தர்காய் மலை ஏறி ஜெயிச்சுது, விக்டோரியா ராணி கையால, வீரத்துக்கு பிரிட்டன் குடுக்கற மிகப் பெரிய மெடலான விக்டோரியா கிராஸ் வாங்கினார்னு எட்டு வரி. எண்ணிப் பாத்துட்டேன், எட்டே வரி தான். பக்கத்துலயே பிரஷர் குக்கர் விளம்பரம் அரைப் பக்கம், அத விடுங்க.

நான் 17 வருஷம் ராணுவத்துல பைப்பரா இருந்து ரிட்டயர்ட் ஆனவன். பச்மடில இருக்கற ராணுவ இசைப் பள்ளி, மியூசிக் விங்ல கோர்ஸ் முடிச்சவன். அந்த எட்டு வரியில ஒண்ணு தப்பு, இன்னொண்ணு பாதியில நின்னுடுச்சு. தப்ப சொல்லிட்டு மிச்சத்தையும் சொல்லலாம்னு தான் இந்த லெட்டர். நீளமாயிடும், எனக்கே தெரியுது, வெட்டணும்னா முன்னாடி வெட்டிக்கோங்க, பின்னாடி இருக்கறத விட்டுடுங்க.

முதல்ல தப்பு. அவர் வாசிச்சது ‘காக் ஓ த நார்த்’ இல்ல. அது அவரோட கார்டன் ஹைலேண்டர்ஸ் ரெஜிமெண்டோட மார்ச், ஆறு எட்டு தாளத்துல துள்ளிக்கிட்டு போகும், அத வாசிக்கணும்னு தான் பைப்பர்களுக்கு ஆர்டர். ஆனா ஃபின்ட்லேட்டர் வாசிச்சது ‘ஹாஸ் ஓ க்ராம்டேல்’. ஓடி ஏறுற சார்ஜுக்கு வேகமான ஸ்ட்ராத்ஸ்பே, அதாவது ஒரு வகை ஸ்காட்லாந்து நடன மெட்டு தான் சரியா இருக்கும்னு பட்டுது, அதனால மாத்திக்கிட்டேன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். ஹாஸ்னா ஆத்தோரத்து தாழ்ந்த நிலம், க்ராம்டேல்ங்கறது ஸ்பே ஆத்துப் பக்கம் ஒரு ஊரு, அங்க 1690ல ஹைலேண்ட்காரங்க அடி வாங்கி சிதறி ஓடின சண்டைய வச்சு வந்த பாட்டு. தோத்த சண்டையோட ட்யூன வாசிச்சு ஒரு மலைய பிடிச்சிருக்காங்க, இது எந்த ஊரு ராசின்னு தெரியல!

இந்த தப்புக்கு உங்கள மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1898ல பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்ல வந்த அவரோட மெடல் குறிப்புலயே ‘ரெஜிமெண்டல் மார்ச்’ வாசிச்சார்னு தான் போட்டிருக்காங்க. பேப்பர்காரங்க, படம் வரைஞ்சவங்க எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. வாசிச்ச ஆளுகிட்ட என்ன வாசிச்சேன்னு கேட்டுட்டு எழுதணும்னு அப்ப யாருக்கும் தோணல போல.

ஆளு யாருன்னா, 1872 பிப்ரவரில ஸ்காட்லாந்துக்கு வடகிழக்குல அபர்டீன்ஷையர்ல ஃபோர்க்ங்கற ஊருப் பக்கம் பொறந்தவர். அப்பா மாவு மில்லு பாத்தவர், வீடு நிறைய பிள்ளைங்க. சின்ன வயசுலயே ஸ்கூல விட்டுட்டு பண்ணை வேலைக்கு போயிட்டார். அந்த காலத்துல அந்தப் பக்கம் பண்ணை ஆளுங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவ சந்தையில போயி நிப்பாங்களாம், பண்ணைக்காரர் வந்து ஆளப் பாத்து கூலி பேசி கூட்டிட்டு போவாரு. அப்படி வளர்ற பையனுக்கு பட்டாளம்னா மூணு வேளை சோறு, பூட்ஸ், சிவப்புக் கோட்டு. 1888ல 16 வயசுல கார்டன் ஹைலேண்டர்ஸ்ல சேந்துட்டார். எங்க காலத்துல நான் சேந்ததும் கிட்டத்தட்ட இதே காரணம் தான், என்ன, எங்களுக்கு கோட்டு பச்சை.

1895ல அந்த வடமேற்கு எல்லையில சித்ரால் பக்கம் போன படையில இருந்தார், மலக்கண்ட் கணவாய் சண்டையப் பாத்துட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு திராங்கற மலைப்பகுதி மேல படையெடுப்பு. இப்ப அந்த இடம் பாகிஸ்தான்ல கைபர் பக்தூன்க்வா மாகாணத்துல இருக்கு. அஃப்ரிடி, ஓரக்சாய்னு பட்டாணியர்கள்ல ரெண்டு பெரிய கூட்டம், அவங்க மலைக்குள்ள வெள்ளைக்காரன் கோட்டை மேல கோட்டையா கட்டிக்கிட்டு வந்தா சும்மா இருப்பாங்களா, 1897ல எழுந்துட்டாங்க. நம்ம ஊர்ல நிறைய பேருக்கு தெரிஞ்ச சாரகடி சண்டை, 21 சீக்கியர்கள் ஒருத்தர் கூட மிச்சமில்லாம செத்தாங்களே, அது அதே சமானா மலைத்தொடர்ல செப்டம்பர் 12ம் தேதி. ஃபின்ட்லேட்டர் இருந்த தர்காய் சண்டை அக்டோபர் 20ம் தேதி. அஞ்சு வாரம் தான் வித்தியாசம், ரெண்டும் ஒரே சண்டையோட ரெண்டு பக்கம்.

தர்காயில கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த மேட்ட அக்டோபர் 18ம் தேதியே பிரிட்டிஷ் படைக்காரங்க ஒரு தடவ பிடிச்சுட்டாங்க. தண்ணி இல்ல, சப்ளை மேல போகல, அன்னிக்கு சாயங்காலமே விட்டுட்டு எறங்கிட்டாங்க. பட்டாணியர்கள் திரும்ப வந்து உக்காந்துட்டாங்க, இந்த தடவ இன்னும் நிறைய பேரு. ரெண்டு நாள் கழிச்சு அதே மேட்டுக்கு திரும்ப ஆளு அனுப்பறாங்க. மேல பாறை இடுக்குல நல்ல துப்பாக்கியோட உக்காந்திருக்கான், கீழ ஒளிய இடமே இல்லாத மொட்டை சரிவு, அத தாண்டித் தான் போகணும். முதல்ல கூர்க்காக்கள் பாஞ்சாங்க, தாண்டினவங்க கொஞ்சம், சரிவுலயே விழுந்தவங்க நிறைய. அப்புறம் டோர்செட், டெர்பிஷையர்னு ரெண்டு இங்கிலீஷ் ரெஜிமெண்ட்காரங்க முயற்சி பண்ணாங்க, முடியல. மத்தியானத்துக்கு மேல தான் கார்டன் ஹைலேண்டர்ஸ். கர்னல் மத்தையஸ் முன்னாடி நின்னு, ஜெனரல் இந்த மலைய என்ன விலை குடுத்தாவது பிடிக்கணும்ங்கறார், கார்டன் ஹைலேண்டர்ஸ் பிடிக்கும், அப்படின்னு ரெண்டே வாக்கியம் சொன்னாராம். பைப்பர்கள் முன்னாடி வாசிச்சுக்கிட்டே சரிவுல எறங்கினாங்க.

முன்னாடின்னா நிஜமாவே முன்னாடி. பைப்பர் கையில துப்பாக்கி இருக்காது, ரெண்டு கையும் விரல் வச்சு வாசிக்கற குழலான சாண்டர்ல, வாய் ஊதற குழலான ப்ளோ பைப்ல, அவனால குனியக்கூட முடியாது. மில்ன்னு இன்னொரு பைப்பருக்கு நெஞ்சுல குண்டு. ஃபின்ட்லேட்டருக்கு ரெண்டு பாதத்துலயும். விழுந்துட்டார். ஒரு பாறையில சாஞ்சு உக்காந்துக்கிட்டு வாசிச்சுக்கிட்டே இருந்தார், மத்தவங்க அவர தாண்டி ஓடினாங்க. ஒரு மணி நேரம் கூட ஆகல, மேடு கையில வந்துருச்சு.

‘வாசிச்சுக்கிட்டே இருந்தார்’னு ரெண்டு வார்த்தையில எழுதிடலாம். அது என்னன்னு பேக்பைப்ப கையில தொட்டவனுக்குத் தான் தெரியும், கொஞ்சம் சொல்லிடறேன். இது புல்லாங்குழல் மாதிரி ஊதினா சத்தம் நிறுத்தினா நின்னுடும்ங்கற கருவி இல்ல. இடது கக்கத்துல தோல் பை. வாயால பைய நெரப்பணும், மூச்சு இழுக்கற நேரத்துல கைய வச்சு பைய அமுக்கணும், காத்து எப்பவும் ஒரே அளவு அழுத்தத்துல ரீடுக்கு போயிட்டே இருக்கணும். சாண்டர்ல இருக்கற ரீடு நம்ம நாதஸ்வர சீவாளி மாதிரி தான், ரெண்டு நாக்கு, அதுக்கு குறைஞ்ச காத்து போனா கீச்சும், அதிகம் போனா ஸ்ருதி ஏறிடும். தோள் மேல நிக்கற மூணு நீளக் குழல், ட்ரோன்னு பேரு, அது விடாம ஆதார ஸ்ருதி போட்டுக்கிட்டே இருக்கும், அங்க அழுத்தம் ஒரு துளி குறைஞ்சாலும் மாடு மாதிரி கத்தி அடங்கிடும். சன்னமா வாசிக்க, சத்தமா வாசிக்கன்னு எல்லாம் இதுல கிடையாது, நடுவுல நிறுத்தி மூச்சு வாங்கறதும் கிடையாது. ட்ரெய்னிங்ல எனக்கு கணுக்கால் சுளுக்கின அன்னிக்கு வாத்தியார் விடல, நின்னு வாசிடான்னுட்டார், வலி வந்தா வயிறு தானா இறுகிடுது, மூச்சு மேலயே நின்னுடுது, பை தொங்கிப் போயி ட்ரோன் உறும ஆரம்பிச்சிடுச்சு, பசங்க எல்லாம் சிரிச்சாங்க. வெறும் சுளுக்கு தான் அது. ரெண்டு பாதத்துலயும் குண்டு பாஞ்ச ஆளு, உக்காந்த நிலையில, மேலருந்து சுட்டுக்கிட்டு இருக்கும் போது, பையில அழுத்தம் விடாம வச்சிருந்தார்னா… எனக்கு மெடல விட அது தான் பெருசா தெரியுது. இன்னும் ஒண்ணு, எங்க பட்டாலியன்ல சண்டைன்னு வந்தா பேண்ட்காரங்க எல்லாம் ஸ்ட்ரெச்சர் தூக்கற ஆளுங்களா மாறிடுவோம், பைப்ப பெட்டியில வச்சுடுவோம். அவருக்கு அந்த வசதி கூட இல்ல.

தர்காய்க்கு மொத்தம் நாலு விக்டோரியா கிராஸ் குடுத்தாங்க. ஃபின்ட்லேட்டர் ஒண்ணு, அதே ரெஜிமெண்ட்ல லாசன்னு ஒரு சிப்பாய், அடிபட்ட லெப்டினன்ட் ஒருத்தர தூக்கிட்டு வந்து போட்டுட்டு திரும்பப் போயி இன்னொரு சிப்பாயையும் தூக்கிட்டு வந்தவர், தனக்கே ரெண்டு காயம். டோர்செட்ல விக்கரி, டெர்பிஷையர்ல பென்னல். முதல்ல பாஞ்ச கூர்க்காக்கள்ல ஒருத்தர் பேரு கூட இதுல இல்ல, ஏன்னா இந்திய ராணுவத்து சிப்பாய்களுக்கு விக்டோரியா கிராஸ் கிடையாதுன்னு விதி, 1911ல தான் அத மாத்தினாங்க. அதுவரைக்கும் அவங்களுக்கு இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் தான், சாரகடியில செத்த 21 பேருக்கும் குடுத்தது அது தான். ஃபின்ட்லேட்டர் மேல இதுல ஒரு தப்பும் இல்ல, விதி போட்டவங்க வேற ஆளுங்க.

மெடல்களையும் கொஞ்சம் சொல்லணும், துணுக்குல தங்க மெடல் மாதிரி ஒரு படம் போட்டிருந்தீங்க. விக்டோரியா கிராஸ் தங்கமும் இல்ல வெள்ளியும் இல்ல, மங்கலான பழுப்பு வெண்கலம், ஒன்றரை இஞ்ச் அகலம் கூட வராது, கிரீடத்து மேல ஒரு சிங்கம், கீழ ‘வீரத்துக்காக’ன்னு ரெண்டு வார்த்தை, கருஞ்சிவப்பு ரிப்பன், பின்னாடி எந்த தேதியில செஞ்ச காரியத்துக்குன்னு பொறிச்சிருப்பாங்க. செவஸ்டபோல்ல பிடிச்ச ரஷ்ய பீரங்கிய உருக்கி செஞ்சதுன்னு ரொம்ப காலம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் பாத்தா அந்த பீரங்கி சீனாக்காரன் பீரங்கி. அவரோட இன்னொரு மெடல் இந்தியா மெடல், சித்ராலுக்கு ஒண்ணு, பஞ்சாப் எல்லைக்கு ஒண்ணு, திராவுக்கு ஒண்ணுன்னு ரிப்பன் மேல மூணு பட்டி. அதோட பின் பக்கத்த பாத்தீங்கன்னா ஒரு வெள்ளைக்கார சிப்பாயும் ஒரு இந்திய சிப்பாயும் ஒரே கொடிய சேந்து பிடிச்சிட்டு நிப்பாங்க. ரொம்ப அழகா தான் இருக்கும். அதே மெடல சிப்பாய்களுக்கு வெள்ளியிலயும், கோவேறு கழுதை ஓட்டினவன், தண்ணி சுமந்தவன், சமையல்காரனுக்கு வெண்கலத்துலயும் அடிச்சாங்க. தர்காய முதல் நாள் விட்டுட்டு வந்ததே தண்ணி இல்லாம தான்னு மேல சொன்னேன் பாருங்க, தண்ணி சுமக்கறவன் மெடல் வெண்கலம்.

சரி, பாதியில நின்ன கதைக்கு வரேன்.

காயம்பட்டவர கப்பல் ஏத்தி இங்கிலாந்துல நெட்லி ராணுவ ஆஸ்பத்திரிக்கு கொண்டு வந்தாங்க. 1898 மே 14ம் தேதி ராணி அங்கயே வந்தாங்க, 78 வயசு அவங்களுக்கு. ஃபின்ட்லேட்டரால நிக்க முடியல, உக்காந்தே வாங்கிக்கட்டும்னு ராணி சொல்லிட்டாங்க, நாற்காலில உக்காந்தபடி தான் மெடல் வாங்கினார். ராணி முன்னாடி சிப்பாய் உக்காந்திருக்கறது அந்த காலத்துல என்ன விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. நாடு பூரா அவர் பேரு தான். உங்க துணுக்கு இங்க முடிஞ்சுது.

அவருக்கு அப்ப வயசு 26. கால் போச்சு, பட்டாளத்துக்கு லாயக்கில்லன்னு டிஸ்சார்ஜ். விக்டோரியா கிராஸ் வாங்கின சாதா சிப்பாய்க்கு வருஷத்துக்கு 10 பவுன் படின்னு 1856லயே போட்ட விதி, நாப்பத்திரண்டு வருஷமா அதே 10 பவுன். காயத்துக்கு பென்ஷன்னு கொஞ்சம் சில்லறை. பண்ணை வேலைக்கு திரும்பலாம்னா ஏர் பின்னாடி நடக்கணும். கையில இருக்கற ஒரே தொழில் பைப் வாசிக்கறது. அத பாக்க லண்டன்ல ஜனம் காசு குடுக்க தயாரா இருந்துச்சு. லெஸ்டர் ஸ்கொயர்ல அல்ஹம்ப்ரான்னு பெரிய மியூசிக் ஹால், டான்ஸ், சர்க்கஸ் வித்தை, காமெடி பாட்டு எல்லாம் நடக்கற இடம், அங்க மேடை ஏறினார். ஒரு வருஷ மெடல் படிய விட ஒரு வாரத்துக்கு கூட கிடைச்சுது.

உடனே வந்துச்சு பாருங்க கௌரவம்! விக்டோரியா கிராஸ் வாங்கினவன் ஆட்டக்காரிங்களுக்கு நடுவுல நின்னு வாசிக்கறதா, ராணி குத்தின மெடல டிக்கெட் போட்டு காட்டறதா, ரெஜிமெண்ட் மானம் போச்சுன்னு கிளப்ல உக்காந்திருந்த துரைமார்கள் எல்லாம் கொதிச்சுட்டாங்க. ராணுவ அலுவலகத்துக்கு பிடிக்கல. பேப்பர்ல கடிதத்துக்கு மேல கடிதம் (நானும் கடிதம் தான் எழுதறேன், எதிர்க் கட்சி), பார்லிமெண்ட்ல கேள்வி. அவரு பக்கம் பேசினவங்களும் இருந்தாங்க, அவங்க கேட்டது ஒரே கேள்வி, 10 பவுன்ல எப்படி சாப்பிடறது?

இதே எல்லைப் போர்ல அதே 1897ல இன்னொரு இளவட்டம் இருந்தாரு, லெப்டினன்ட் வின்ஸ்டன் சர்ச்சில். மலக்கண்ட் சண்டைய பத்தி பத்திரிகைக்கு எழுதினார், காசு வாங்கினார், 1898ல புத்தகமா போட்டு அதுக்கும் காசு வாங்கினார். மேல இருந்த சிலர் முணுமுணுத்தாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா 1900ல எம்.பி. ஆயிட்டார். ஒரே போரு, ரெண்டு பேரும் அதுல கத்துக்கிட்டத வித்தாங்க. ஒருத்தன் பேனாவ வித்தா இலக்கியம், இன்னொருத்தன் மூச்ச வித்தா அசிங்கம். பிரபு வீட்டுப் பிள்ளைக்கும் மில்லு வீட்டுப் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் தவிர வேற ஒண்ணும் எனக்கு தெரியல.

இத படிக்கும் போது எனக்கு சொந்தக் கதையும் ஞாபகம் வந்துடுச்சு. ரிட்டயர்ட் ஆகி வந்த புதுசுல பென்ஷன் கணக்கு எல்லாம் செட்டாக கொஞ்ச நாள் ஆச்சு, பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். ஒரு சர்ச் கல்யாணத்துக்கு பொண்ணு மாப்பிள்ளைய வாசல்லருந்து கூட்டிட்டு வர பைப் வாசிக்கணும்னு கேட்டாங்க, போனேன், பேசின காசு குடுத்தாங்க, பிரியாணியும் போட்டாங்க. அங்க பந்தியில என் சொந்தக்காரர் ஒருத்தர், பேரு வேண்டாம், எல்லார் காதுலயும் விழற மாதிரி, “மச்சான் பட்டாளத்துல கொடிக்கு வாசிச்ச வாய், இப்ப கறிசோத்துக்கு வாசிக்குது”ன்னார். சிரிச்சு வச்சேன். ராத்திரி தூக்கம் வரல. அப்புறம் பத்து கல்யாணம் வாசிச்சுட்டேன், ஃபீஸ் கட்டியாச்சு, பொண்ணு இப்ப அபர்டீன்ல ஒரு ஆயில் கம்பெனில வேல பாக்குது. என்னோட மெடல் எல்லாம், சைன்ய சேவா ஒண்ணு, ஒம்பது வருஷ சர்வீஸ் மெடல் ஒண்ணு, வீட்டுக்காரி பட்டுப் புடவைக்கு நடுவுல அந்துருண்டையோட வச்சிருக்கா. ஃபீஸ் கட்டற அன்னிக்கு அதுல எது உதவுச்சு?

ஃபின்ட்லேட்டர் விஷயத்துல கத்தினதுக்கு ஒரு பலன் கிடைச்சுது. அதே 1898ல விதிய மாத்தினாங்க, விக்டோரியா கிராஸ் வாங்கி பிழைக்க வழியில்லாம இருக்கறவனுக்கு வருஷத்துக்கு 50 பவுன் வரைக்கும் குடுக்கலாம்னு. அவரு மேடை ஏறினது அசிங்கம்னு சொன்னவங்க யாரும் இத கேட்டு வாங்கித் தரல, அவர் மேடை ஏறின அசிங்கம் தான் இத வாங்கித் தந்துச்சு. அவருக்கு பின்னாடி வந்த எத்தனையோ சிப்பாய்க்கு இது சோறு. இந்த ஒரு வரிய துணுக்குல போட்டிருந்தீங்கன்னா நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

அப்புறம் மேடைய விட்டுட்டு ஊருக்கே போயிட்டார். 1899ல கல்யாணம், டரிஃப் டவுனுக்கு பக்கத்துல கேர்ன்ஹில்னு ஒரு பண்ணை, பிள்ளை குட்டின்னு செட்டில் ஆயிட்டார். கூலிக்கு சந்தையில நின்ன வீட்டுப் பையன் பண்ணை பாக்கற ஆளாயிட்டார். இதோட முடிஞ்சிருந்தா கூட நல்ல கதை தான்.

1914ல யுத்தம் வந்ததும் இந்த மனுஷன் திரும்பப் போயி சேந்துட்டார்! வயசு 42, ரெண்டு காலும் ஏற்கனவே குண்டு வாங்கின காலு, யாரும் கூப்பிடல. கார்டன் ஹைலேண்டர்ஸ் 9வது பட்டாலியன், சார்ஜென்ட் பைப்பர். காசுக்கு மெடல வித்தான்னு பேசினவங்களுக்கு இத விட என்ன பதில் வேணும்னு எழுதத் தோணுது, ஆனா அவரு பதில் சொல்லவா போனாரு, பழைய பைப்பருக்கு பேண்ட் சத்தம் கேட்டா கால் தானா நடக்கும், எனக்கு தெரியும் அது. 1915ல ஃபிரான்ஸ்ல லூஸ் சண்டையில திரும்ப காயம், வருஷக் கடைசியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

லூஸ்ல ஒரு ஆச்சரியம் இருக்கு. அதே 15வது ஸ்காட்டிஷ் டிவிஷன்ல, கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸ் பட்டாலியன்ல, டேனியல் லெய்ட்லான்னு இன்னொரு பைப்பர், 40 வயசு. செப்டம்பர் 25ம் தேதி காலையில இவங்க விட்ட விஷ வாயுவே காத்து திரும்பி இவங்க மேலயே வந்து ஆளுங்க தடுமாறி நிக்கறாங்க, இவர் பதுங்குகுழி விளிம்புல ஏறி மேலயும் கீழயும் நடந்துக்கிட்டே வாசிச்சார், ஆளுங்க எழுந்து போனாங்க. கணுக்கால்லயும் கால்லயும் காயம், அப்பவும் வாசிச்சார். அவருக்கும் விக்டோரியா கிராஸ். பதினெட்டு வருஷ இடைவெளியில ரெண்டு பைப்பர், ரெண்டு பேருக்கும் கால்ல அடி, ரெண்டு பேரும் ஒரே டிவிஷன்ல வந்து நிக்கறாங்க, கதையில எழுதினா நம்ப மாட்டாங்க. லெய்ட்லா சின்ன வயசுல நம்ம நாட்டுல இருந்தவர் தான், 1898ல பம்பாய்ல பிளேக் வந்தப்ப அங்க வேலை பாத்ததுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கியிருக்கார். கடைசி காலத்துல ஒரு கிராமத்துல சின்ன போஸ்ட் ஆபீஸ் பாத்துக்கிட்டு இருந்து 1950ல செத்தார். 2002 வரைக்கும் அவர் கல்லறையில பேரு போட்ட ஒரு கல்லு கூட கிடையாது.

யுத்தத்துக்கு அப்புறம் ஃபின்ட்லேட்டருக்கு இன்னும் மூணு மெடல் சேந்துச்சு, 1914-15 ஸ்டார், வார் மெடல், விக்டரி மெடல். இந்த மூணையும் சேத்து அந்த ஊர் சிப்பாய்ங்க ‘பிப், ஸ்க்வீக், வில்ஃப்ரெட்’னு ஒரு கார்ட்டூன் நாய், பென்குயின், முயல் பேரால கூப்பிடுவாங்களாம். எல்லாருக்கும் குடுத்த மெடல், அதனால கிண்டல்.

அவரு திரும்ப பண்ணைக்கே போனார், டரிஃப் ஊர் பைப் பேண்டுக்கு பைப் மேஜரா, அதாவது பைப்பர்களுக்கு தலைவரா ரொம்ப வருஷம் இருந்தார். 1942 மார்ச்ல கேர்ன்ஹில்லயே காலமானார், வயசு 70. ராணி முன்னாடி நாற்காலில உக்காந்த நாளுக்கு அப்புறம் 44 வருஷம் வாழ்ந்திருக்கார், அந்த 44 வருஷத்துக்கு உங்க துணுக்குல இடமே இல்லாம போச்சு, அதான் எனக்கு வருத்தம்.

ரெண்டு வருஷம் முன்னாடி பொண்ணு வீட்டுக்கு போனப்ப வ்யூஃபீல்ட் ரோட்ல இருக்கற கார்டன் ஹைலேண்டர்ஸ் மியூசியத்துக்கு கூட்டிட்டு போச்சு. அவரோட விக்டோரியா கிராஸ் அங்க தான். கண்ணாடிக்குள்ள பாத்தப்ப முதல்ல ஏமாத்தமா இருந்துச்சு, இவ்வளவு சின்னதா, இவ்வளவு மங்கலா, நம்ம பழைய வெங்கல பட்டன் மாதிரி இருக்கேன்னு. பேரன் என் கைய பிடிச்சுக்கிட்டு, “தாத்தா இவரு பைப் நல்லா வாசிப்பாரா?”ன்னு கேட்டான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எல்லாரும் அவர் உக்காந்து வாசிச்சத சொல்றாங்க, நல்லா வாசிச்சாரான்னு யாரும் கேட்டதில்ல. ஊர் பேண்டுக்கு அத்தனை வருஷம் பைப் மேஜரா வச்சிருந்தாங்கன்னா நல்லா தான் வாசிச்சிருப்பாருடான்னு சொன்னேன்.

அதனால ஐயா, திருத்தம் போடறதா இருந்தா ட்யூன் பேர மட்டும் மாத்தாம அந்த 10 பவுன், 50 பவுன் விஷயத்தையும் சேத்துப் போடுங்க. நான் இப்ப எங்க ஊர்ல ஒரு ஸ்கூல் பேண்டுக்கு சனிக்கிழமை தோறும் சொல்லிக் குடுக்கறேன், அடுத்த ஸ்போர்ட்ஸ் டேக்கு ‘ஹாஸ் ஓ க்ராம்டேல்’ வாசிக்க வைக்கலாம்னு ஆரம்பிச்சிருக்கேன். முதல் பார்ட் வந்துடுச்சு, ரெண்டாவது பார்ட்ல பசங்களுக்கு விரல் இன்னும் ஓடல, ட்ரோன் உறுமுது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ராணுவ பைப்பர்,
திண்டுக்கல்.